அடி

பதினோரு பாட்டு. முப்பத்தெட்டு நிமிடம்.
திங்கட்கிழமைக்குள் முந்நூறு சொல் வேண்டும்,
பத்துக்கு எத்தனை மார்க் என்றும் வேண்டும் கனகவேலுக்கு.
"பீட் தூக்கலா, வரி தூக்கலா,
அதை மட்டும் சொல்லுங்க, போதும்."

சிம்மக்கல் அச்சகத்தில்
கல்யாணப் பத்திரிகைக்குப் பிழை பார்க்கிறவள் நான்.
வல்லினம் மிகுமா மிகாதா என்றே
கண்ணுக்குக் கீழே கறுத்துப்போனவள்.
என் கையில் வந்து விழுந்திருக்கிறான்
கரிமேட்டு மீன் மார்க்கெட்டின் 'செதில்'.
வீட்டில் வைத்த பெயர் சோணைக்குமார்.
முதல் ஆல்பம். பெயர் 'ஐஸ்பெட்டி'.

ராத்திரி ஹெட்செட்டில் கேட்டேன்.
பீட் போட்டவன் மகபூப்பாளையத்து இல்யாஸ்.
ஐஸ் நொறுக்கும் மெஷினின் சத்தத்தைப் பிடித்து வந்து
நாலு துண்டாக வெட்டி
மூன்றை வைத்துவிட்டு
ஒன்றை உருவி எடுத்திருக்கிறான்.
உருவிய பள்ளத்தில்
என் நெஞ்சு போய் நின்றுகொண்டு அடித்தது.
எட்டரை, என்று எழுதினேன்.

வரி?
இரண்டாம் பாட்டில் துப்பாக்கி வருகிறது.
மூன்றாம் பாட்டில் கறுப்புக் கார், கண்ணாடி இறங்குகிறது.
அயிரை கிலோ என்ன விலை என்று
தூக்கத்திலும் சொல்லக்கூடியவன் நீ,
யார் காரில் தம்பி ஏறி உட்கார்ந்திருக்கிறாய்?
ஐந்தாம் பாட்டில் 'கெத்து'க்கு எதுகை 'சொத்து'.
எட்டாம் பாட்டிலும்
அதே கெத்து, அதே சொத்து.
மூன்று. அடித்துவிட்டு, மூன்றரை.

ஞாயிற்றுக்கிழமை ஆரப்பாளையத்துக்கு ஷேர் ஆட்டோ.
டிரைவர் சீட்டுக்குக் கீழே பெட்டி வைத்திருந்தார்,
அதிலிருந்து அதே இரண்டாம் பாட்டு.
ஒரு சொல்லும் பிடிபடவில்லை.
எதிரில் இருந்தவரின் தூக்குவாளி மூடி
இல்யாஸுக்குத் தாளம் போட்டது.
ஒன்பது பேர், முன்பின் தெரியாதவர்கள்,
குரு தியேட்டர் சிக்னல்வரை
ஒரே பக்கமாகத் தலையை ஆட்டிக்கொண்டு போனோம்.
துப்பாக்கி யாரையும் சுடவில்லை.
ஒன்பது, என்று உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன்.

மத்தியானம் கரண்ட் போய்விட்டது.
ஹெட்செட்டும் செத்துவிட்டது.
போனைச் சொம்புக்குள் போட்டுக் கேட்டேன்.
சொம்புக்கு பேஸ் தெரியாது.
இல்யாஸ் மொத்தமாகக் காணாமல் போனான்;
எங்கோ ஒரு ஈ, டிக் டிக் என்று.
மிச்சம் இருந்தது தகரக் குரலில் ஒருத்தன்,
மூச்சு வாங்கியபடி, சொல்லை முழுங்காமல்.
ஒன்பதாம் பாட்டு.
ஆடுவதற்கு அதில் ஒன்றுமில்லை என்று
இரண்டு தடவை நான் தாண்டிப்போன பாட்டு.

"ஐஸு பாக்கி நாலாயிரம்
ஆஸ்பத்திரிக்குப் பதினெட்டு
அக்கா வளையல் அடகுல கெடக்கு
அத எண்ணல, அத எண்ணல"

இரண்டாவது 'எண்ணல'
பீட்டுக்கு ஒரு இமை முந்தி விழுகிறது.
இல்யாஸ் அதை நேராக்காமல் விட்டிருக்கிறான்.
நானாக இருந்தால்
சிவப்பு மையில் சுழித்திருப்பேன்.

யாப்பில் வரிக்கு அடி என்றுதான் பெயர்.
தோலில் விழுவதற்கும் அதுதான்.
ஐஸ்கட்டிமேல் விழுவது,
வட்டிக்காரன் தெருவில் வைத்து
அப்பாவுக்குக் கொடுத்ததாகப் பத்தாம் பாட்டு சொல்வது,
எல்லாம் அடிதான்.
கனகவேல் எதற்கு மார்க் கேட்கிறார்?

திங்கட்கிழமை போன் வந்தது.
"மார்க்கைக் காணோமே?"
ஹெட்செட்டில் எட்டரை சார், ஆட்டோவில் ஒன்பது,
சொம்பில் வேற மாதிரி இருக்கு.
"சொம்பா?"
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு அவராகவே ஏழு போட்டுக்கொண்டார்.

வியாழக்கிழமை இதழ் வந்தது.
செதிலின் படம் பெரிதாக, துப்பாக்கி விரலோடு.
நான் மேற்கோள் காட்டிய நாலு வரியில்
'எண்ணல'வை யாரோ
'எண்ணவில்லை' என்று திருத்தியிருந்தார்கள்.
பிழை இல்லை. இலக்கணப்படி சரி.
ஒன்றரை மாத்திரை அதிகம், அவ்வளவுதான்.
வாசித்துப் பார்த்தேன்,
வளையலை மீட்டுவிட்ட மாதிரி இருந்தது.